செர்னோபிலில் வெடித்தது 2400 மெகாவாட் உலையா?

"செர்னோபிலில் வெடித்தது 2400 மெகாவாட் ராட்சத உலை, உலகிலேயே பெரியது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த நான்காம் அலகு, ஆர்பிஎம்கே-1000 என்ற சோவியத் அணு உலை வகை. அதன் மின்திறன் 1000 மெகாவாட்தான். உலை உண்டாக்கும் மொத்த வெப்பத்தின் அளவான, அதாவது வெப்பத்திறனான 3200 மெகாவாட்டை மின்திறனாக எண்ணிக் குழம்புபவர்களும் உண்டு.

2400 என்ற எண் முழுக்கக் கற்பனை அல்ல. அப்படியொரு வடிவமைப்பு சோவியத் பொறியாளர்களிடம் இருந்தது, ஆனால் காகிதத்தில் மட்டும். ஆர்பிஎம்கே உலைக்கு ஒற்றைப் பெரிய அழுத்தக் கலன் கிடையாது. கிராஃபைட் (ஒருவகைக் கரிமம்) அடுக்குக்குள் 1,600-க்கும் மேற்பட்ட தனித்தனிக் குழாய்களில் எரிபொருள் இருக்கும். குழாய்களைக் கூட்டினால் உலையும் பெரிதாகும், கேட்க எளிதாகத்தான் இருக்கிறது! அதனால் வட்டமான உலை மையத்தை விட்டுவிட்டு, ஒரே மாதிரிப் பகுதிகளை வரிசையாகச் சேர்த்த செவ்வக மையத்தை வரைந்தார்கள். நீராவியை உலைக்குள்ளேயே மீண்டும் சூடாக்கும் திட்டமும் இருந்தது. எதுவும் கட்டப்படவில்லை.

இந்த வகையில் உண்மையிலேயே இயங்கிய மிகப்பெரியவை லித்துவேனியாவின் இக்னலினாவில் இருந்த இரண்டு 1500 மெகாவாட் உலைகள். செர்னோபில் விபத்துக்குப் பிறகு அவற்றின் திறனும் குறைக்கப்பட்டது. 2004-இல் ஒன்றும், 2009-இல் மற்றொன்றும் மூடப்பட்டன.