நம்ம ஊரு சைக்கிளுக்கு 21 கியர் எதுக்குங்க?

சென்னைல ஆபீஸ் போக, மார்க்கெட் போக ஒரு சைக்கிள் வேணும்னு கேட்டா கடைக்காரரு நேரா 21 கியர் வண்டிகிட்டதான் கூட்டிட்டுப் போறாரு. ஊரே தட்டை, ஏத்தம்னு சொன்னா மேம்பாலம்தான், தினமும் பரங்கிமலையா ஏறப் போறோம்? வாங்கினவங்க பாதிப் பேரு அதுல ரெண்டு மூணு கியர்லயே காலத்த ஓட்டுறாங்க, மிச்சமெல்லாம் உப்புக் காத்துல துருப்பிடிச்சு சும்மா கெடக்கு.

என்னைக் கேட்டா பின் சக்கர ஹப்புக்குள்ளயே, அதாவது சக்கரத்தோட நடு உருளைக்குள்ளயே, கியர் இருக்குற வண்டிதான் இந்த ஊருக்கு செட் ஆகும், அதுவும் மூணு கியர் போதும். புதுசெல்லாம் இல்ல, இங்கிலாந்துல ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1902லயே கொண்டு வந்தாச்சு. நடுவுல ஒரு பல்சக்கரம், அதைச் சுத்தி குட்டிக் குட்டியா சிலது, வெளிய பல் வச்ச வளையம், எல்லாம் மூடின ஹப்புக்குள்ள. அவங்க ஏடபிள்யூங்கற மூணு கியர் ஹப்புல ரெண்டாவது கியர் நேரடி (பின் பல்சக்கரம் ஒரு சுத்துன்னா சக்கரமும் ஒரு சுத்து), ஒண்ணாவது 25% லேசு, மூணாவது 33% வேகம். ஷிமானோ கம்பெனியோட நெக்ஸஸ் ஹப்புல 8 கியரும் இருக்கு, நல்லாதான் இருக்கும், ஆனா அந்தக் காசுக்கு இங்க வேலை இல்ல.

பெரிய லாபம் சிக்னல்ல. திடீர்னு பிரேக் அடிச்சு நிக்கிறோம், சாதா கியர் வண்டின்னா மிதிச்சாதான் கியர் மாறும், ஸோ டாப் கியர்லயே மாட்டிக்கிட்டு பச்சை விழுந்ததும் பின்னாடி பஸ் ஹாரன் அடிக்க எழுந்து நின்னு மிதிக்கணும். இதுல நின்ன எடத்துலயே மாத்திக்கலாம். செயின் ஒரே நேர்கோட்டுல ஓடுறதால முழு செயின் கவர் போடலாம், பேன்ட்ல கறை இல்ல, புடவை மாட்டாது. ஸ்டேஷன் ஸ்டாண்டுல எவனாவது தன் வண்டிய இழுக்கும்போது நம்ம கியரு வளையுற கதையும் இல்ல.

வெயிட் ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். பஞ்சர்னா சக்கரம் கழட்டுறது தொல்லைன்னு பயமுறுத்துவாங்க, நம்ம பஞ்சர் கடை அண்ணன் என்னைக்கு சக்கரத்த கழட்டினாரு? டயர ஒரு பக்கம் நெம்பி ட்யூப உருவி ஒட்டிட்டுப் போயிடுவாரு. நெஜ பயம் வெள்ளம்தான், வேளச்சேரி மாதிரி எடத்துல ஹப்பு முங்குற தண்ணில ஓட்டினா மறுபடி பிரிச்சு சுத்தம் பண்ணி கிரீஸ் வச்சே ஆகணும்.

கடுப்பு என்னன்னா, 1949ல அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸுக்குக் கூட்டாளியா வந்த அதே இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனி கையிலதான் 1960லருந்து ராலே சைக்கிள் கம்பெனி, ஸ்டர்மி ஆர்ச்சர் எல்லாம் இருந்துச்சு, இன்னைக்கு இங்க கடைல ஹப் கியர்னு கேட்டா முழிக்கிறாங்க. பழைய வண்டில பின் சக்கரம் மட்டும் மாத்திக் கட்டலாம், ஆனா ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ரிம்ல ஸ்போக் கம்பி மாட்டுற ஓட்டைய எண்ணிடுங்க, நம்மூரு பழைய ரோட்ஸ்டர்ல (அந்தக் காலத்து கனமான கருப்பு சைக்கிள்) பின்னாடி 40 இருக்கும், 36 ஓட்டை ஹப்பு வந்துச்சுன்னா ரிம்முக்கும் சேத்து செலவு.