ரிவர்ஸ் தையல் போட மூன்று நாள்

நீண்ட பயணம் தனியாகப் போகிறவர்களுக்கு, முக்கியமாக எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, ஒன்று சொல்ல வேண்டும். பயணம் முடிந்த கையோடு நேராக வீட்டுக்கு வராதீர்கள். அவசரமே இல்லாத ஒரு சின்னக் கடற்கரை ஊரில் மூன்று நாளாவது உட்கார்ந்துவிட்டு வாருங்கள். காசு பற்றவில்லை என்றால் நடுவில் ஓர் ஊரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று நாளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் பென்னாகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர்க் கதை சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் மஞ்சள் கறை இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரி கொட்டுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனாலும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது 2013-ல்தான். எங்கள் வீட்டுக் குழாயில் அந்தத் தண்ணீரை முதன்முதலாகப் பிடித்த அன்று அம்மா குடத்துக்குப் பொட்டு வைத்தார். இந்தத் தண்ணீர் எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு தடவை கூடவே போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

இந்தத் தைப் பொங்கலுக்கு வந்த துணியையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டுக் கிளம்பினேன். குடகில் தலைக்காவிரி, அங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், நம் ஒகேனக்கல், மேட்டூர், பவானி கூடுதுறை, முக்கொம்பு, கல்லணை, கும்பகோணம், மயிலாடுதுறை, கடைசியாகப் பூம்புகார். பஸ், ரயில், கொஞ்சம் நடை. மொத்தம் 20 நாள்.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. நடுவழியில் ஓர் ஊரில் லாட்ஜ்காரர் என் ஆதார் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்ல" என்று திருப்பிக் கொடுத்தார். அப்போது இரவு மணி ஒன்பது. அன்று ரயில் நிலையத்தில் பெண்கள் காத்திருப்பு அறையில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். அதை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஐம்பது வயதை நெருங்குகிற ஒருத்தி, தன் காசில், தன் ஊர் ஆற்றைப் பார்க்க வந்தால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பூம்புகாருக்குப் போய்ச் சேர்ந்தபோது பிப்ரவரி பிறந்து ஒரு வாரம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவதுதான் வழக்கம். அதனால் டெல்டாவில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்க, ஆறு மணலாகக் கிடந்தது. ஒகேனக்கல்லில் பாறையைப் பிளந்துகொண்டு விழுகிற அதே காவிரி, கடலுக்குப் பக்கத்தில் பாவாடையைத் தூக்காமலே தாண்டலாம் போல ஓர் ஓடையாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே மயிலாடுதுறை போய் வண்டி ஏறியிருந்தால் அந்தத் துக்கத்தை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் காசிக்குப் போனபோது அப்படித்தான் செய்தேன். அதுவும் தனியாகப் போனதுதான், 18 நாள். ராத்திரி இரண்டு மணிக்குத் தர்மபுரியில் இறங்கி, விடிந்ததும் கடையைத் திறந்துவிட்டேன். மறுநாளே ஒரு கல்யாண வீட்டுப் பிளவுஸ் 11 உருப்படி வந்து விழுந்தது. ஒரு வாரம் கழித்துப் பக்கத்துக் கடை அக்கா "காசி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டபோது "நல்லா இருந்துச்சுக்கா" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. போட்டோவைப் பார்த்தால்தான் போனதே நினைவுக்கு வந்தது.

தைக்கிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். தையல் முடிகிற இடத்தில் நூலைச் சும்மா வெட்டினால் இரண்டு துவைப்பில் பிரிந்துவிடும். ரிவர்ஸில் நாலு தையல் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்துதான் வெட்டுவோம். காசிப் பயணத்துக்கு நான் அந்த ரிவர்ஸ் போடவில்லை.

இந்த முறை அதற்காகவே தரங்கம்பாடியை வைத்திருந்தேன். பூம்புகாரிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் சுமார். திருக்கடையூர் தாண்டி, பொறையாருக்குச் சற்று முன்னால். கோட்டை வாசல் மாதிரி ஒரு வெள்ளை வாசல், அதற்குள் ஒரே நேர்த்தெரு, தெரு முடிகிற இடத்தில் கடல். டென்மார்க்காரர்கள் 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை இருக்கிறது. 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க், தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது இந்த ஊரில்தான். அவர் கட்டிய 1718-ஆம் வருஷத்துத் தேவாலயம் அதே தெருவில் இன்னும் நிற்கிறது. கரையோரம் மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. 1845-ல் டென்மார்க்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

இவ்வளவையும் அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். அதற்கப்புறம் பார்க்க ஒன்றும் இல்லை. பயணத்தைக் கட்டி முடிக்க அதுதான் சரியான இடம் என்பேன். பாண்டிச்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் தாராளமாகப் போங்கள், ஆனால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனால் மறுபடி ஒரு பட்டியல், மறுபடி ஒரு ஓட்டம். கடைசி ஊர் என்பது நம்மை எதற்கும் கூப்பிடாத ஊராக இருக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தார் வீட்டு மாடியில் அறை கிடைத்தது. முதல் நாள் துணி துவைத்தேன். செருப்பின் அடியில் எங்கள் ஊர்ச் செம்மண் இன்னும் ஒட்டியிருந்தது, குச்சியால் சுரண்டி எடுத்தேன். மதியம் தூங்கினேன். எத்தனை வருஷமாயிற்று மதியத்தில் தூங்கி!

இரண்டாம் நாள் காலை, படகுகள் கரையேறும் இடத்தில் ஒரு மீனவப் பெரியவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தொழில் புத்தி விடுமா, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கையில் பட்டையான பிளாஸ்டிக் ஊசி, நடுவில் நாக்கு மாதிரி ஒரு முள். அந்த முள்ளிலேயே நூலைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் மெஷினில் நூல் சுற்றுகிற பாபினும் ஊசியும் தனித்தனி, அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துக்கொண்டு, கண் கண்ணாக முடிச்சுப் போட்டார். ஆனால் முடிச்சுப் போடுவதற்கு முன்னால் கத்தியை எடுத்துக் கிழிசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். எனக்குத் திக்கென்றது. ஏங்க ஐயா, இருக்கிற ஓட்டையைப் பெருசு பண்றீங்க என்று கேட்டேன். "பிஞ்சுபோன கண்ணுல முடிச்சு நிக்காதும்மா. நல்ல கண்ணு வர்ற வரைக்கும் வெட்டிட்டுத்தான் பொத்தணும்" என்றார்.

இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தேன். எந்த ஊர் என்று கேட்டார். ஒகேனக்கல் பக்கம் என்றதும், "காவிரி உங்க வழியாத்தான வருது" என்றார். ஆமாங்க ஐயா என்றேன். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சும்மா இருப்பது அங்கே யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் பயணம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தலைக்காவிரியில் அந்தச் சின்னத் தொட்டி, குனிந்து பார்த்தபோது தெரிந்த என் முகம். கூடுதுறையில் அப்பாவுக்காக நான் முங்கி எழுந்தது. காத்திருப்பு அறையில் எனக்குத் தன் போர்வையைப் பாதி விரித்துக் கொடுத்த திருவாரூர்க்காரம்மா. லாட்ஜ்காரர் மீதிருந்த கோபத்தில் அந்த அம்மாவை நான் மறந்தே போயிருந்தேன். பூம்புகாரில் பார்த்த ஓடையும் வந்தது. ஆனால் இப்போது அது முழு ஆற்றோடும் சேர்ந்து வந்தது.

"மூணு நாள் சும்மா உக்காரத்தான் அவ்ளோ தூரம் போனியா?" என்று இங்கே பலர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், அதற்கும் சேர்த்துத்தான் போனேன். வருஷமெல்லாம் கால் மிதித்து உழைக்கிற பெண்ணுக்கு மூன்று நாள் சும்மா உட்காரும் உரிமை இல்லையா? வீட்டுக்குள் நுழைந்த நிமிஷம் நாம் மறுபடி அம்மா, மகள், மருமகள், தையல்காரி. அதற்கு முன்னால் பயணம் போனவளாக மட்டும் மூன்று நாள் இருந்துவிட வேண்டும்.

மயிலாடுதுறையில் காலையில் சேலம் ரயில் ஏறி, சேலத்தில் பஸ் மாறி, தொப்பூர் கணவாய் ஏறி வீடு வந்தேன். இந்த முறை கடையை ஒரு நாள் கழித்துத்தான் திறந்தேன். அம்மாவுக்கு 74 வயது, கடலைப் பார்த்ததே இல்லை. நான் சொன்னதையெல்லாம் சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கோட்டையைப் பற்றிக் கேட்கவில்லை, தேவாலயத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏண்டி, அங்க குடிக்கத் தண்ணி எப்பிடி?"

நான் தங்கின வீட்டில் கொஞ்சம் உப்புக் கரிக்கும்மா, குடிக்க கேன் வாங்கிக்கிட்டேன் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆடியில கடை சும்மாதான கெடக்கும், ஆத்துலயும் தண்ணி வந்துரும். அப்பப் போலாம். நம்ம வீட்டுத் தண்ணி ரெண்டு கேன் எடுத்துக்க."