கட்டையை அழுத்துறது இப்ப, சத்தம் வர்றது எப்பவோ

"ஒயரைச் சொருகுங்க, வாசிங்க." பொண்ணுக்காகக் கம்ப்யூட்டர்ல மாட்டி வாசிக்கிற மிடி கீபோர்டு ஒண்ணு வாங்கினேன். அதோட பெட்டி மேல இப்படித்தான் கொட்டை எழுத்துல போட்டிருந்தான். சொருகினோம். பியானோ மென்பொருளைத் திறந்து என் பொண்ணு மோகனம் வாசிச்சா. விரல் 'ப'வுல இருக்கு, காதுல 'க' கேக்குது.

ஒரு வாரம் போராடிட்டு, "எனக்குத் தாளமே நிக்க மாட்டேங்குதுப்பா"ன்னு மூடி வச்சுட்டா. ஆர்மோனியத்துல பிசகாம வாசிக்கிற பொண்ணு! என் ஆத்திரமே அதுதான். பிள்ளை தன் விரலைச் சந்தேகப்பட்டுட்டா.

வாங்கின கடையில போய்க் கேட்டா, "கம்ப்யூட்டர் பழசு சார், புதுசா வாங்கிடுங்க"ங்கிறார். அறுபதாயிரம் ரூபாய்க்கு வழி சொல்றார், காரணம் சொல்லத் தெரியல.

ராத்திரி ராத்திரியா உக்காந்து நானே கண்டுபிடிச்சேன். மிடிங்கிறது கீபோர்டு கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்ற முறை. அந்த ஒயர்ல சத்தமே போறதில்லைங்க. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமா அடிச்சாங்கன்னு ரெண்டுக்கும் 0-லேர்ந்து 127-க்குள்ள ஆளுக்கொரு எண். மூணே பைட். 1983-ல வந்த அஞ்சு பின் ஒயர்லயே அது ஒரு மில்லி செகண்டுல போய்ச் சேர்ந்துடும். நேரத்தைத் தின்னது கம்ப்யூட்டருக்குள்ள இருந்த பஃபர். சத்தத்தைச் சேத்து வச்சு மொத்தமா வெளிய விடுற இடம் அது. எங்க கம்ப்யூட்டர்ல அது 4096 சாம்பிள்னு, அதாவது சத்தத்தோட 4096 சின்னத் துண்டுன்னு இருந்தது. 44,100 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 44,100 துண்டுன்னு கணக்குப் போட்டா 93 மில்லி செகண்டு தாமதம்! துரித காலத்துல ஒரு ஸ்வரமே ஓடிப்போயிடும். போதாக்குறைக்குப் புளூடூத் ஹெட்போன் வேற. அதோட தாமதம் தனி.

ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-லயே ஏஸியோன்னு ஒரு டிரைவர் (மென்பொருளையும் ஒலிக்கருவியையும் இணைக்கிற நிரல்) முறையைக் கொண்டுவந்தது இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். அந்த வகை டிரைவர் ஒண்ணை இலவசமா இறக்கி, பஃபரை 256-ன்னு வச்சு, ஒயர் ஹெட்போனை மாட்டினேன். பஃபர் தாமதம் 6 மில்லி செகண்டுக்குள்ள வந்துடுச்சு. ஒத்த ரூபா செலவில்ல. பஃபரை 64-க்கு இறக்கிப் பாத்தேன், சத்தம் படபடன்னு பொரிஞ்சுது, திரும்ப ஏத்திட்டேன்.

நேத்து அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். ரெண்டு ஆவர்த்தனம் வாசிச்சுட்டு, "அப்ப தப்பு என் மேல இல்லியாப்பா?"ன்னு கேட்டா.

இந்த விஷயத்தைப் பெட்டி மேல நாலு வரி அச்சடிக்க என்னய்யா கேடு? பின்பக்கம் பூரா வெறுமனேதானே கிடக்கு!