பத்து மணி பத்து நிமிஷம்

(ஞாயித்துக்கிழமை சாயங்காலம். தம்பி மடில லேப்டாப், ஸ்கிரீன்ல டேபெல்லாம் பல்லு மாதிரி நெருக்கமா நிக்குது. அக்கா துணி மடிச்சுக்கிட்டே வர்றா.)

அக்கா: ஏன்டா, பாப்பா பொறந்தநாளுக்கு இன்விடேஷன் பண்றேன்னு காலைல உக்காந்தியே, முடிஞ்சுதா?

தம்பி: ஆரம்பிச்சுட்டேன்க்கா. எந்த ஏஐ டூல்ல பண்றதுன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

அக்கா: அதுக்கு பேரு ஆரம்பிக்கிறதா?

தம்பி: உனக்கு என்னக்கா தெரியும். 2022ல எழுதிக் குடுத்தா படம் போடுற மிட்ஜர்னி வந்துச்சு, அதே வருஷம் அதே மாதிரி ஸ்டேபிள் டிஃப்யூஷன், நவம்பர்ல சாட்ஜிபிடி, அப்பவே கத்துக்கலாம்னு நெனச்சேன், சரி எல்லாம் கொஞ்சம் அடங்கட்டும்னு விட்டேன், எங்க அடங்குது, பாட்டுக்கு சூனோவாம், வீடியோவுக்கு ரன்வேயாம், குரலுக்கு லெவன்லேப்ஸாம், ஒண்ணுக்கு டுட்டோரியல் பாத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த வெர்ஷன் வந்து பட்டனெல்லாம் இடம் மாறிருது.

அக்கா: சரி, இத்தன நாள்ல நீ என்ன பண்ணிருக்க?

தம்பி: ஃபோல்டர் பண்ணிருக்கேன். படம், பாட்டு, வீடியோ, எழுத்துன்னு தனித்தனியா.

அக்கா: உள்ள என்ன இருக்கு?

தம்பி: பாஸ்வேர்டு. அப்புறம் "500 சூப்பர் ப்ராம்ப்ட்"னு ஒரு பிடிஎஃப், டூல் கிட்ட எப்படி எழுதி கேக்கணும்னு.

அக்கா: படிச்சியா?

தம்பி: அத சுருக்கி குடுக்குறதுக்கு ஒரு நல்ல டூல் தேடிக்கிட்டு இருக்கேன்.

அக்கா: (துணிய கீழ வச்சிட்டு) நகரு. எல்லா டேபையும் மூடு, ஒண்ணே ஒண்ணு வச்சுக்கோ.

தம்பி: அய்யோ, எத வச்சுக்க?

அக்கா: எதுக்கு பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கோ அத. படம் போடுறதுல முக்காவாசி ஒரே சூத்திரம்தான்டா, மொதல்ல வெறும் புள்ளிக்கூட்டத்த வச்சுக்கிட்டு அதுல இருக்கிற இரைச்சல கொஞ்சம் கொஞ்சமா நீக்கி நீ எழுதினதுக்கு தோதா ஒரு படத்த வெளிய கொண்டு வரும், அதனாலதான் ஒரே வரிய திரும்ப குடுத்தாலும் வேற படம் வருது, ஆரம்ப புள்ளி மாறிருதுல்ல. பேருதான் வேற வேற.

தம்பி: இதெல்லாம் எங்கக்கா கத்துக்கிட்ட?

அக்கா: ஆபீஸ்ல போஸ்டர் கேட்டாங்க. வேற வழியில்ல, கத்துக்கிட்டேன். ம், என்ன வேணுமோ எழுது.

தம்பி: (பிடிஎஃப்ப பாத்து டைப் அடிக்கிறான்) "மாஸ்டர்பீஸ், 8கே, அல்ட்ரா ரியலிஸ்டிக், சினிமாட்டிக் லைட்டிங், ட்ரெண்டிங் ஆன் ஆர்ட்ஸ்டேஷன்..."

அக்கா: பாப்பா எங்கடா?

தம்பி: கடைசில வரும்.

அக்கா: அழி. அஞ்சு வயசு புள்ளைய கூப்பிடுற கார்டுக்கு சினிமா லைட்டிங் எதுக்கு? மனுஷங்க கிட்ட சொல்ற மாதிரி சொல்லு. யாரு இருக்கா, என்ன பண்றா, எங்க, எப்படிப்பட்ட படம். அவ்ளோதான்.

தம்பி: "ஒரு பூனை தொப்பி போட்டு சைக்கிள் ஓட்டுது, பின்னாடி சுவத்துல கடிகாரம், குழந்தைங்க புத்தகத்துல வர்ற வாட்டர்கலர் மாதிரி, பலூன் வேணாம்." கூட பாப்பா போட்டோவையும் ஏத்திரவா?

அக்கா: வேணாம். புள்ள மூஞ்சி எங்க போய் சேருதுன்னு டூல்காரன் விதிமுறைய படிக்காம ஏத்தக்கூடாது, நீ அந்த பிடிஎஃப்பையே படிக்கல. பூனை போதும்.

(கொஞ்ச நேரம் சுத்துது. படம் வருது.)

தம்பி: அக்கா... பூனை அழகா இருக்கு. ஆனா படம் முழுக்க பலூன்.

அக்கா: நீதான கேட்ட.

தம்பி: வேணாம்னுதான கேட்டேன்!

அக்கா: படத்துக்கு கீழ எழுதுறவன் படத்துல இருக்கிறத எழுதுவான், இல்லாதத எவனும் "இதுல பலூன் இல்ல"ன்னு எழுதி வைக்க மாட்டான், அத பாத்து கத்துக்கிட்ட மெஷினுக்கு பலூன்ங்கிற வார்த்ததான் காதுல விழும். இப்ப வர்றதுல சிலது புரிஞ்சுக்குது, உன்னுது புரிஞ்சுக்கல. அந்த வார்த்தையவே எடுத்துட்டு "வெறும் சுவர்"னு போடு.

(திரும்ப படம் வருது.)

தம்பி: பலூன் போயிருச்சு! சூப்பர்! பூனைக்கு முன்னங்கால் மட்டும் மூணு இருக்கு.

அக்கா: அதுக்காக முழுசா அழிச்சு மறுபடி எழுதாத. எடிட்டுன்னு இருக்கும் பாரு, அந்த மூணாவது கால மட்டும் பிரஷ்ஷால பூசி, "சைக்கிள் ஹேண்டில்"னு எழுது. பூசின இடத்த மட்டும் மாத்தும்.

தம்பி: அட, ஆமா! இது எந்த டுட்டோரியல்லயும் நான் பாக்கலயே.

அக்கா: எல்லாத்தையும் மொதல் ரெண்டு நிமிஷத்தோட நிறுத்தினா எப்படி வரும்?

தம்பி: சரி சரி. கடிகாரம்தான் தப்பா இருக்கு. பார்ட்டி சாயங்காலம் 4 மணிக்கு, இது பத்து பத்து காட்டுது. "கடிகாரத்துல மணி 4"னு சேத்துக்கிறேன். (டைப் அடிக்கிறான்) ...பத்து பத்து. "சரியா 4 மணி"... பத்து பத்து. "தயவு செஞ்சு 4 மணி"...

அக்கா: கெஞ்சாதடா.

தம்பி: இதுக்கு மணி பாக்க தெரியாதாக்கா? உலகத்துல இருக்கிற எல்லா கேள்விக்கும் பதில் சொல்லுதுங்கிறாங்க!

அக்கா: வாட்ச் விளம்பரம் பாத்திருக்கியா? பெரும்பாலும் முள்ளு பத்து பத்துல தான் நிக்கும். ரெண்டு முள்ளும் சமமா விரிஞ்சு நடுவுல கம்பெனி பேரு மறையாம தெரியணும்னு அப்படி வச்சு எடுப்பாங்க. அந்த மாதிரி போட்டோ லட்சக்கணக்குல இருக்கிற குவியல பாத்து கத்துக்கிட்டது இது. இத பொறுத்தவரைக்கும் கடிகாரம்னா பத்து பத்துதான், முள்ளு நகரும்ங்கிறதே அதுக்கு தெரியாது.

தம்பி: அப்ப வேற டூல்ல பாக்கட்டா? ஒண்ணே ஒண்ணு, புதுசா வந்துருக்காம்...

அக்கா: மூடுன டேப திறந்த, லேப்டாப்ப மூடிருவேன்.

தம்பி: இல்ல இல்ல. சரி, "பாப்பா பொறந்தநாளுக்கு வாங்க"ன்னு எழுத்தாவது போடச் சொல்றேன். (படம் வருது. வாசிக்கிறான்) "பாப்ப... பொறந்ளநா... ள்கு"... கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கெடக்கு.

அக்கா: இந்த மாதிரி டூலுக்கு எழுத்தும் படம்தான், வாசிச்சு எழுதல, பாத்து வரையுது. தமிழ்ன்னா இன்னும் மோசம். எழுத்த நீ போட்டோ எடிட்டர்ல போட்டுக்க. வாசகம் தோணலன்னா சாட்ஜிபிடில கேளு, பத்து வரி தரும், ஒம்போது வரில "மகிழ்ச்சியான தருணம்"னு இருக்கும், மிச்சத்த எடுத்து நம்ம பேசுற மாதிரி மாத்திக்கோ.

தம்பி: கடிகாரத்த?

அக்கா: எடிட்ல பூசி "முள்ளு இல்லாத வெறும் டயல்"னு கேட்டு பாரு.

(கேக்குறான். பத்து பத்து.)

தம்பி: என்ன பிடிவாதம்க்கா இதுக்கு! இரு, வெள்ளையா பூசி முள்ள நானே வரையறேன். இவ்ளோ பெரிய டெக்னாலஜி, கடைசில விரலால கிறுக்க வேண்டியிருக்கு.

அக்கா: கிறுக்கு. புள்ளைங்க கார்டு தான, நல்லாதான் இருக்கும்.

(நாக்க வெளிய நீட்டிக்கிட்டு ரொம்ப கவனமா வரையறான். சேவ் பண்றான். சொந்தக்காரங்க குரூப்ல போடுறான்.)

தம்பி: முடிஞ்சுது! பாத்துக்கோ, ஒரே டூல், ஒரே சாயங்காலம். இப்ப சொல்லு, உன் தம்பி கலைஞனா இல்லையா?

அக்கா: (போன பாக்குறா) அழகா இருக்குடா. பூனை அருமை. எழுத்தும் நல்லா வந்துருக்கு... ஏன்டா, சின்ன முள்ளு 12லயும் பெரிய முள்ளு 4லயும் இருக்கே?

தம்பி: ஆமா, 4 மணி.

அக்கா: அது பன்னெண்டு இருபதுடா.

தம்பி: ...

அக்கா: சித்தி ரிப்ளை போட்டுட்டாங்க. "மதியமே வந்துடுறோம்"னு.