லாக் ஆயிடுச்சாம்!

"ணா, எடிட் லாக் ஆயிடுச்சு, இனிமே கை வைக்கவே மாட்டேன்"னு எடிட்டர் தம்பி சொன்னான். நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பத்தின 4 நிமிஷப் படம், மியூசிக் நான். விடியக்காலையில ஐஸ் பாரை உடைக்கிற ஷாட். கட்டை விழற அதே இடத்துல பறை அடி விழணும். டெம்போ நிமிஷத்துக்கு 120 பீட், படம் செகண்டுக்கு 24 ஃபிரேம். ஒரு பீட்டுக்குக் கரெக்டா 12 ஃபிரேம். ராயபுரத்து ரூம்ல, கன்டெய்னர் லாரி ஹாரன் அடங்கற கேப்ல, ராத்திரி 2 மணிக்கு ரெக்கார்ட் பண்ணி முடிச்சேன்.

காலையில புது ஃபைல் வருது. "சும்மா 7 ஃபிரேம்தான்ணா, அந்த ஷாட்டுக்கு முன்னாடி வெட்டித் தூக்கினேன், தெரியவே தெரியாது."

தெரியாதா? அரை பீட்டுக்கு மேல போச்சே! கட்டை விழுந்து, ஐஸ் தெறிச்சு, அப்புறம் சாவகாசமா அடி கேக்குது. அக்கரையில யாரோ துணி துவைக்கிறதைப் பாக்கிற மாதிரி.

"மியூசிக்கைக் கொஞ்சம் இழுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கணா"ன்றான். இன்னா நைனா, லுங்கியா இது, இழுத்துக் கட்டறதுக்கு? வெட்டின இடம் எந்த செகண்ட், எந்த ஃபிரேம்னு டைம்கோடு கூடப் போடல, நான்தான் தேடணும்.

ஃபைல் பேரு மட்டும் 'ஃபைனல் லாக் 5'.