பனி விழுகிறது, யாரும் நடுங்கவில்லை

ஹான்ஸ் ஆப்ரஹாம்சன் எழுதிய ‘ஷ்னே’ என்ற வாத்திய இசையை ஒரு நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். நாலு நிமிடம் பொறுத்தான். "இன்னும் சுருதிதான் சேர்க்கிறாங்களா, இல்ல பாட்டு ஆரம்பிச்சாச்சா?" என்றான். கிண்டல்தான், ஆனால் பயல் தெரியாமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டான். அதற்கு வருகிறேன்.

ஷ்னே என்றால் ஜெர்மனில் பனி. நம் மார்கழிப் பனி இல்லை, கொட்டுகிற வெண்பனி. ஆப்ரஹாம்சன் டென்மார்க்காரர், 1952-ல் பிறந்தவர். தொண்ணூறுகளில் பல வருடம் புதிதாக எதுவும் எழுதாமலே இருந்த மனிதர், அந்த இடைவெளியில் பழைய ஜெர்மன் இசைமேதை பாக்கின் கேனன்களை (ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வருவதுதான் கேனன்) எடுத்துச் சிறு குழுவுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஊறலில் வந்ததுதான் ஷ்னே. 2008-ல் ஜெர்மனியின் விட்டன் நகரில் முழுசாக அரங்கேறியது. ஒன்பது பேர், பத்து கேனன், ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

குளிர்கால இசை என்றால் எல்லோரும் சொல்வது இத்தாலியர் விவால்டியின் ‘குளிர்காலம்’ என்ற வயலின் இசையைத்தான். 1725-ல் அச்சானது, பல் கிட்டிப்பது, காலை உதைத்துக்கொள்வது, பனிக்கட்டியில் வழுக்கி விழுவது எல்லாம் அதில் உண்டு. பிரமாதம்தான். ஆனால் அது குளிரில் மாட்டிக்கொண்ட மனிதனைப் பற்றிய இசை. ஷ்னேயில் மனிதனே கிடையாது. ஆளில்லாத வெளியில் பனி அதுபாட்டுக்கு விழுகிறது. எனக்கு இதுதான் நிஜமான குளிர்காலம், சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

வயலின் காதுக்கு எட்டியும் எட்டாத உச்சியில் கீச்சிடுகிறது. தாளவாத்தியக்காரர் என்ன செய்கிறார் தெரியுமா? காகிதத்தை எடுத்து மேசைமேல் தேய்க்கிறார். ஒரு ஏ4 தாளை வைத்து நானும் தேய்த்துப் பார்த்தேன், வேகமாகத் தேய்த்தால் வெறும் இரைச்சல், மெதுவாக இழுத்தால்தான் அந்த ‘ஸ்ஸ்’ வருகிறது. அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடா அது, எலியா?"

அப்புறம் அந்த சுருதி விஷயம். நடுவில் மூன்று இடைத்துண்டுகள் வருகின்றன, அவற்றில் வாசிப்பவர்கள் மேடையிலேயே சுருதியை இம்மியளவு இறக்கிக்கொள்கிறார்கள், அதுவும் இசையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பியானோக்கள் இரண்டும் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. விளைவு, போகப் போக எல்லாம் லேசாகக் கோணலாகக் கேட்கிறது. முதல்தடவை என் ஹெட்போன்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.

கேனன்கள் ஜோடி ஜோடியாக வரும், ஜோடிக்கு ஜோடி சுருங்கிக்கொண்டே போகும். முதல் இரண்டும் ஒன்பது நிமிடத்துக்கு முன்பின், கடைசி இரண்டும் ஆளுக்கு ஒரு நிமிடம். அந்தப் பத்தாவது முடிந்ததும் இன்னும் ஒன்று வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். போன் தானாகவே வேறு ஏதோ பாட்டுக்குத் தாவிவிட்டது.