எல்விஸ் பிரெஸ்லியின் முதல் பதிவு: சுற்றும் கதை தவறு

அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசாகப் பதிந்த பாட்டு அமெரிக்கப் பாடகர் எல்விஸை ஒரே நாளில் நட்சத்திரமாக்கியது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது சரியல்ல. 1953 ஜூலையில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சுமார் 4 டாலர் கொடுத்து அவர் ஒரு இசைத்தட்டு பதிந்தது உண்மைதான். ஆனால் அம்மா கிளாடிஸ் பிறந்தது ஏப்ரல் 25. எல்விஸின் வீடான கிரேஸ்லேண்டில் உள்ள அவர் கல்லறையிலேயே தேதி இருக்கிறது.

திருப்பம் வந்தது 1954 ஜூலை 5 இரவு, ஸ்டுடியோவில் நடந்த ஒரு பாடல் பதிவில். ஸ்காட்டி மூர் கிட்டார், பில் பிளாக் பேஸ், டிரம்ஸே கிடையாது. மெதுவான பாட்டுகள் சரிப்படவில்லை. இடைவேளையில் எல்விஸ் ஆர்தர் க்ரூடப்பின் ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) பாட்டைத் துள்ளலாகப் பாட, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்டுடியோ உரிமையாளர் சாம் பிலிப்ஸ் அதைப் பதிவு செய்தார். அந்தப் பாட்டு வெளிவந்த, சன் நிறுவனத்தின் 209 எண் இசைத்தட்டின் லேபிளில் க்ரூடப் பெயர் இருக்கிறது, பாருங்கள். அந்தக் கறுப்பினக் கலைஞரைக் கதை மறைத்துவிடுவதுதான் எனக்கு வருத்தம். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.